ஈறில் ரத்தம் வந்தால் பிரஷ்ஷை நிறுத்தாதீர்கள்

என் அம்மா ஏழெட்டு வருஷம் வலப்பக்கக் கீழ்ப்பற்களைச் சரியாகத் தேய்க்கவே இல்லை. சோம்பலால் இல்லை. அந்தப் பக்கம் பிரஷ் பட்டால் ரத்தம் வந்தது. ரத்தம் வருகிறதென்றால் அங்கே புண் இருக்கிறது, புண்ணைக் கிளறக்கூடாது என்பது அவர் கணக்கு. கையிலோ காலிலோ புண் வந்தால் நாமும் அப்படித்தானே செய்வோம்? அந்தப் பக்கத்துக்கு மட்டும் பிரஷ்ஷை விட்டுவிட்டு, விரலில் பற்பொடியைத் தொட்டுப் பட்டும் படாமலும் தடவிக்கொண்டார். ஒரு தீபாவளிக்கு முறுக்கைக் கடித்தபோது கடைவாய்ப்பல் ஆடுவது தெரிந்தது. அதுவரை வலி என்று ஒரு நாள்கூடச் சொன்னதில்லை. கடைசியில் இரண்டு பல் போனது.

ஈறு ரத்தத்துக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். உடம்புச் சூடு என்பார் ஒருவர், பிரஷ் கெட்டி என்பார் இன்னொருவர். விட்டமின் போதவில்லை, வயசாகிவிட்டது, பரம்பரை என்றெல்லாம் பட்டியல் நீளும். சிலவற்றில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ஆனால் பெரும்பாலானவர்களுக்கு ரத்தம் வருவதன் காரணம் இவற்றைவிட எளிமையானது, அதைச் சரிசெய்யும் வழி பெரும்பாலும் நம் கையிலேயே இருக்கிறது. அதைத்தான் இங்கே மெதுவாகப் பார்க்கப் போகிறோம்.

பல்லும் ஈறும் சேரும் இடம்

தெருவில் நட்டிருக்கும் மின்கம்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வெளியே தெரிவது ஒரு பகுதி, மண்ணுக்குள் இருப்பது இன்னொரு பகுதி. கம்பம் நிற்பது மண்ணின் பிடிப்பால். பல்லும் அப்படித்தான். அதன் வேர் தாடை எலும்புக்குள் இறங்கியிருக்கிறது. எலும்பு அதைச் சுற்றி நின்று பிடித்துக்கொள்கிறது. இடையே மெல்லிய நார்கள் பல்லையும் எலும்பையும் கட்டிவைக்கின்றன. இவ்வளவுக்கும் மேலே போர்த்திய தோல்தான் ஈறு.

இந்தப் போர்வை பல்லின் விளிம்பு வரை அப்படியே ஒட்டிக்கொண்டிருக்காது. சட்டைக் காலர் கழுத்தைச் சுற்றி நிற்கிறதே, அதுபோல ஈறின் மேல்விளிம்பு பல்லைச் சுற்றி நிற்கும். காலருக்கும் கழுத்துக்கும் நடுவில் ஒரு சின்ன இடுக்கு இருப்பதுபோல இங்கேயும் ஓர் இடுக்கு உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர். துணி துவைக்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், சட்டையில் முதலில் அழுக்குப் பிடிப்பது காலரில்தான். வாயிலும் கதை அங்கேதான் தொடங்குகிறது.

வழுவழுப்பு, அப்புறம் காரை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாக்கால் கீழ்ப்பற்களின் உள்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். காலையில் இருந்த வழவழப்பு இருக்காது. ஏதோ ஒரு மெல்லிய படலம் படர்ந்ததுபோல இருக்கும். நகத்தால் ஈறோரம் லேசாகச் சுரண்டினால் வெள்ளையாக, மாவுபோல ஏதோ வரும். பலர் அதைச் சாப்பாட்டுத் துணுக்கு என்று நினைக்கிறார்கள். அது கோடிக்கணக்கான பாக்டீரியாக்கள் கூடிக் கட்டிய குடியிருப்பு. இதற்குப் பெயர் பற்படலம். ஹாலந்தைச் சேர்ந்த ஆன்டனி வான் லேவன்ஹுக் தன் பல்லிலிருந்து இதைச் சுரண்டி எடுத்து, தானே செய்த நுண்ணோக்கியில் பார்த்து, உள்ளே குட்டி உயிர்கள் நீந்துகின்றன என்று 1683-ஆம் ஆண்டு லண்டனுக்குக் கடிதம் எழுதினார். அவர் தினமும் பல் துலக்குகிற மனிதர் என்பதையும் சேர்த்தே எழுதியிருந்தார்.

இந்தப் படலத்தின் குணத்தைப் புரிந்துகொள்ளக் கிணற்றடிக்குப் போகலாம். துவைக்கிற கல்லில் பாசி பிடித்தால் எத்தனை வாளித் தண்ணீர் ஊற்றினாலும் போகாது. தேங்காய் நாரை எடுத்து ஒரு தேய் தேய்த்தால்தான் போகும். பாக்டீரியாக்கள் தங்களைச் சுற்றிப் பசைபோல ஒன்றைச் சுரந்து அதற்குள் உட்கார்ந்துகொள்கின்றன. கொப்பளிப்பது அவற்றுக்கு மேலே ஓடும் தண்ணீர், அவ்வளவுதான். அவற்றை அசைக்க உராய்வு வேண்டும்.

தேய்க்காமல் விட்டால் என்ன ஆகும்? போர்வெல் தண்ணீர் பிடித்துவைக்கும் பக்கெட்டின் உட்புறம் வெள்ளையாக உப்பு ஏறி இறுகிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். எச்சிலிலும் கால்சியம், பாஸ்பேட் போன்ற உப்புகள் கரைந்திருக்கின்றன. தேய்க்காமல் விட்ட படலத்தில் இவை சில நாள்களிலேயே படியத் தொடங்கி, அதைக் கல்லாக்கிவிடும். இதைத்தான் காரை என்கிறோம். நல்ல பெயர். சுவரில் பூசிய காரைபோலவே பல்லோடு ஒட்டிக்கொள்ளும். கீழ் முன்பற்களின் உள்பக்கம் இது சீக்கிரம் சேரும். நாக்குக்கு அடியில் எச்சில் சுரந்து வரும் துளைகள் அதற்குப் பக்கத்திலேயே இருக்கின்றன என்பதுதான் காரணம். காரை உருவான பிறகு எந்தப் பிரஷ்ஷும் அதை எடுக்காது. அதன் சொரசொரப்பான மேற்பரப்பில் புதுப் படலம் இன்னும் வசதியாகக் குடியேறும்.

இதுவரை பார்த்தது இதுதான்: ஈறோரத்தில் ஓர் இடுக்கு, அதில் படலம், படலம் இறுகினால் காரை. படலத்தை நாம் எடுக்கலாம். காரையை மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.

ரத்தம் எப்படி வருகிறது

மழைக்காலத்தில் கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் வருமே, அதை நினைத்துப் பாருங்கள். ஈரத்திலும் கிருமியிலும் ஊறி ஊறித் தோல் வெளுத்து, மெலிந்து, பஞ்சுபோல ஆகிவிடும். துண்டால் லேசாகத் துடைத்தாலும் ரத்தம் கசியும். குற்றம் துண்டினுடையதா?

ஈறிலும் நடப்பது இதற்கு நெருக்கமானது. இடுக்கில் உட்கார்ந்த பாக்டீரியாக்கள் வெளியேற்றும் பொருள்கள் ஈறை உறுத்துகின்றன. உடம்பு இதைக் கவனித்துவிட்டு அந்த இடத்துக்குக் கூடுதல் ரத்தத்தையும் வெள்ளணுக்களையும் அனுப்புகிறது. ரத்தக் குழாய்கள் விரிகின்றன. ஈறு சிவந்து, உப்பி, விளிம்பு தடித்துப் பளபளக்கிறது. இடுக்கின் உள்பக்கத் தோல் மெலிந்து ஆங்காங்கே விண்டுபோகிறது. இந்த நிலைதான் ஈறு அழற்சி. அப்போது பிரஷ் பட்டாலும் ரத்தம் வரும், கொய்யாப்பழத்தைக் கடித்தாலும் வரும், சிலருக்கு எதுவும் படாமலே தூக்கத்தில் கசிந்து காலையில் வாய் உப்புக் கரிக்கும். ஆரோக்கியமான ஈறு வெளிர் இளஞ்சிவப்பாக, கெட்டியாக இருக்கும். மென்மையான பிரஷ்ஷால் அதைத் தேய்த்து ரத்தம் வரவைப்பது எளிதல்ல.

"அது எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள், பிரஷ்தான் காரணமாக இருக்கக்கூடாதா?" என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்வி. 1965-இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில் ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய சகாக்களும் இதை நேரடியாகவே சோதித்தார்கள். நல்ல ஈறு உள்ள 12 பேரைப் பல் துலக்குவதை முழுவதுமாக நிறுத்தச் சொன்னார்கள். பிரஷ்தான் ரத்தத்துக்குக் காரணம் என்றால், பிரஷ்ஷே படாத ஈறு இன்னும் நன்றாக அல்லவா ஆகியிருக்க வேண்டும்? 10 நாளிலிருந்து 21 நாளுக்குள் 12 பேருக்கும் ஈறு அழற்சி வந்துவிட்டது. மறுபடி துலக்கத் தொடங்கியதும் ஒரு வாரம் பத்து நாளில் ஈறு பழைய நிலைக்குத் திரும்பியது.

அந்தச் சோதனையின் இரண்டாம் பாதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஈறு அழற்சி முழுவதுமாகத் திரும்பக்கூடியது. மருந்து மாத்திரை எதுவும் இல்லாமல், படலத்தை எடுத்ததால் மட்டுமே ஆறியது. என் அம்மாவுக்கு இதை யாராவது ஏழு வருஷம் முன்னாடி சொல்லியிருக்கக் கூடாதா என்ற ஆதங்கத்தில்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

சுருக்கமாக: ரத்தம் வருவது அங்கே அழுக்கு நாள்பட இருக்கிறது என்பதன் அடையாளம். ரத்தம் வரும் இடத்தைத் தேய்க்காமல் விட்டால் அழுக்கு கூடும், ரத்தமும் கூடும்.

பல் ஆடும் நிலைக்கு எப்படிப் போகிறது

ஈறு அழற்சியை வருஷக்கணக்கில் விட்டுவைத்தால் சிலருக்கு அது கீழே இறங்கும். ஈறு பல்லிலிருந்து பிரிந்து, இடுக்கு ஆழமாகி ஒரு பைபோல ஆகும். 3 மில்லிமீட்டர் இருந்தது 5, 6, 7 என்று போகும். பல்லைக் கட்டிவைத்த நார்கள் அறும், அடியிலுள்ள எலும்பு கரையும். நம் ஊரில் பயோரியா என்று சொல்வது இந்த நிலையைத்தான். மழையில் மண் அரித்துப்போன மின்கம்பம் எப்படிச் சாயுமோ அப்படிப் பல் ஆடத் தொடங்கும். கம்பத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. அம்மாவுக்குப் பிடுங்கிய பற்களைப் பார்த்தேன், சொத்தை என்று துளி இல்லை.

எலும்பைக் கரைப்பதில் பெரும்பங்கு பாக்டீரியாவுடையது அல்ல, நம் உடம்பினுடையதே. தீயை அணைக்க இடைவிடாமல் பீய்ச்சிய தண்ணீரில் வீட்டுச் சாமான்கள் பாழாவதுபோல, ஓயாத எதிர்ப்புப் போரில் சொந்த எலும்பே கரைகிறது. இதனால்தான் ஒரே அளவு அழுக்கு உள்ள இரண்டு பேரில் ஒருவருக்குப் பல் போகிறது, இன்னொருவருக்கு ஒன்றும் ஆவதில்லை.

இதை உலகத்துக்குக் காட்டியவர்கள் இலங்கையின் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த தமிழர்கள். அதே ஹரால்ட் லோவின் குழு 1970-இலிருந்து 1985 வரை 480 ஆண் தொழிலாளர்களின் வாயைத் திரும்பத் திரும்பப் பரிசோதித்தது. பிரஷ்ஷோ பல் மருத்துவமோ அவர்கள் வாழ்க்கையில் இல்லை. எல்லோருடைய பல்லிலும் படலமும் காரையும், எல்லோருக்கும் ஈறு அழற்சி. ஆனாலும் ஏறத்தாழ 8 சதவீதம் பேருக்கு நோய் வேகமாக முற்றியது. அவர்கள் 45 வயதுக்குள் கிட்டத்தட்ட எல்லாப் பற்களையும் இழந்தார்கள். 81 சதவீதம் பேருக்கு மிதமான வேகத்தில் முற்றியது. 11 சதவீதம் பேருக்கு ஈறு அழற்சியைத் தாண்டிப் போகவே இல்லை. உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் இன்றும் படிக்கும் எண்கள் இவை. கொழுந்து பறிக்கும் சனத்துக்கு ஒரு பிரஷ்கூட எட்டாமல் இருந்ததால் கிடைத்த அறிவு என்று நினைக்கும்போது மனசு கனக்கிறது.

"எங்க தாத்தா கரித்தூளில்தான் தேய்த்தார், தொண்ணூறு வயசிலும் கரும்பு கடித்தார்" என்று சொல்பவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. தாத்தா அந்த 11 சதவீதத்தைச் சேர்ந்தவராக இருந்திருக்கலாம். பேரன் எந்தக் கூட்டம் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது.

இரண்டு விஷயம் பயோரியாவை முடுக்கிவிடும். ஒன்று, கட்டுப்படாத சர்க்கரை நோய். சர்க்கரை கூடினால் ஈறு நோய் முற்றும், ஈறு நோய் முற்றினால் சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதும் சிரமமாகும். இன்னொன்று புகை. இதில் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது: புகைப்பவர்களின் ஈறில் ரத்த ஓட்டம் சுருங்கிவிடுவதால் ரத்தம் குறைவாகவே வரும். உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும், வெளியே ஈறு நன்றாக இருப்பதுபோலத் தெரியும். பீடி சிகரெட்டை விட்ட சில வாரங்களில் ரத்தம் வரத் தொடங்கி, "விட்டதால்தான் வந்தது" என்று பயப்படுபவர்கள் உண்டு. ஈறுக்கு ரத்த ஓட்டம் திரும்புகிறது, அவ்வளவுதான். மறுபடி பற்றவைத்துவிடாதீர்கள்.

ஸ்கேலிங் செய்தால் பல் ஆடுமா

காரையை மருத்துவர் எடுப்பதற்கு ஸ்கேலிங் என்று பெயர். நாம் சாதாரணமாகப் பல் கிளீனிங் என்கிறோம். "ஒருதரம் கிளீன் பண்ணினா பல்லு ஆட ஆரம்பிச்சுடும், இடைவெளி விழுந்துடும்" என்பது வீட்டுக்கு வீடு கேட்கும் பேச்சு. அம்மாவும் இதைச் சொல்லித்தான் தள்ளிப்போட்டார்.

அவரோடு போனபோது அருகிலேயே நின்று பார்த்தேன். மருத்துவர் முதலில் முனை மழுங்கிய, மில்லிமீட்டர் கோடுகள் போட்ட ஒரு மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவில் மெதுவாக இறக்கினார். முன்பல்லில் இரண்டு கோட்டோடு நின்றது. வலப்பக்கக் கடைவாய்ப்பல்லில் ஏழு வரை போனது. அம்மாவுக்கு வலிக்கவே இல்லை. அப்புறம் அதிரும் முனையுள்ள கருவியைத் தண்ணீரோடு ஓட்டியபோது பழுப்பாக, சுண்ணாம்புச் சில்லுபோலக் கட்டி கட்டியாக விழுந்தது. கீழ் முன்பற்களின் உள்பக்கம் இருந்தது கிட்டத்தட்ட ஒரு தொடர் சுவர். அது போனதும் பற்களுக்கு நடுவே இடைவெளி தெரிந்தது.

அந்த இடைவெளி முன்பே வந்துவிட்டது. எலும்பும் ஈறும் இறங்கியபோது வந்த இடைவெளியைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. ஆடுவதும் அப்படித்தான். பக்கத்துப் பற்களோடு காரை முட்டுக்கொடுத்து நின்றதால் ஆட்டம் தெரியாமல் இருந்தது. அந்த முட்டுக்கொடுப்பு போனதும் உண்மை நிலை தெரிகிறது. உப்பியிருந்த ஈறு வற்றுவதால் சில நாள் பல் நீளமாகத் தெரியும், குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசும். கூச்சம் பெரும்பாலும் தானாகக் குறையும். இந்தக் கருவி பல்லை அறுப்பதில்லை, அதிர்ந்து காரையைத்தான் உதிர்க்கிறது.

பை ஆழமாகிவிட்டவர்களுக்கு மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேர் வரை சுத்தம் செய்வார்கள். அதுவும் போதாவிட்டால் ஈறைத் திறந்து செய்யும் அறுவை சிகிச்சை உண்டு. கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. மேற்கொண்டு கரையாமல் நிறுத்துவதுதான் நோக்கம், அதைப் பெரும்பாலும் செய்ய முடிகிறது. செலவை நினைத்துத் தயங்குபவர்கள் பல் பிரிவு உள்ள அரசு மருத்துவமனைகளிலும், பல் மருத்துவக் கல்லூரிகளிலும் விசாரித்துப் பாருங்கள். தனியார் கிளினிக்கைவிட மிகக் குறைந்த செலவில் முடியும்.

நெல்லிக்காய், உப்புத் தண்ணீர், மவுத்வாஷ்

விட்டமின் சி அறவே இல்லாமல் போனால் ஈறில் ரத்தம் வரும், உண்மைதான். மாதக்கணக்கில் கடலில் இருந்த மாலுமிகளுக்கு ஸ்கர்வி என்ற நோய் வந்தது இப்படித்தான். 1747-இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் மருத்துவர் ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்து அதைத் தேற்றிக் காட்டினார். ஆனால் தக்காளி, கொய்யா, கீரை எல்லாம் கலந்து சாப்பிடுகிற ஒருவருக்கு அந்த அளவு பற்றாக்குறை வருவது அபூர்வம். நெல்லிக்காய் சாப்பிடுங்கள், உடம்புக்கு நல்லது. காரையை அது எடுக்காது.

வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வீங்கிய ஈறுக்கு இதம் தரும். கடுக்காய் பொடி, கிராம்புத் தைலம் எல்லாம் இந்த இதம் என்ற கணக்கில்தான் சேரும். குளோர்ஹெக்சிடின் கலந்த மவுத்வாஷ் கிருமிகளைக் கட்டுப்படுத்தும், மருத்துவர் சொன்னால் இரண்டு வாரம்போல உபயோகிக்கலாம். அதற்கு மேலும் தொடர்ந்தால் பல்லில் பழுப்புக் கறை ஏறும், நாக்கின் ருசி மாறும். கரித்தூள், செங்கல் தூள், கல்லுப்பு வேண்டவே வேண்டாம். இவை பல்லின் மேற்பூச்சையே தேய்த்துவிடும். ஆலும் வேலும் பல்லுக்குறுதி என்றார்களே என்றால், குச்சியை மென்று நார் நாராக்கித் தேய்த்தபோது நடந்ததும் உராய்வுதான்.

வாய்க்கு வெளியே உள்ள காரணங்கள்

இவற்றை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், ஆனால் அலட்சியமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் கொஞ்சம் படலத்துக்கும் ஈறு அதிகமாக வீங்கும். அந்தச் சமயத்தில் ஸ்கேலிங் செய்துகொள்ளலாம், நடு மூன்று மாதங்கள் வசதியான காலம். வலிப்புக்கான பெனிட்டாயின், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் போன்ற மருந்துகள் சிலருக்கு ஈறைத் தடிக்கவைக்கும். இதய நோய்க்காக ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரத்தம் நிற்க நேரமாகும். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தக்கூடாது, பல் மருத்துவரிடம் சீட்டைக் காட்டிவிட்டு உட்காருங்கள்.

காய்ச்சலோடு சேர்ந்து ஈறில் ரத்தம் வந்தால் பல் மருத்துவரைத் தேடிப் போகாதீர்கள், நேராகப் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். டெங்குவில் இது அபாய அறிகுறி. அதேபோல, அடிபடாமலே உடம்பில் கன்றிப்போன நீலத் திட்டுகள், காரணமில்லாத சோர்வு, மூக்கிலும் ரத்தம், தானாக நிற்காத கசிவு இருந்தால் உடனே ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ரத்தப் புற்றுநோய், ஈரல் கோளாறு போன்றவை இப்படித் தலைகாட்டுவதுண்டு. இவை அபூர்வம்தான். அபூர்வம் என்பதாலேயே தவறவிட்டுவிடுகிறோம்.

நாளைக் காலை செய்ய வேண்டியது

'சாஃப்ட்' என்று போட்ட பிரஷ் ஒன்று வாங்குங்கள். பெரும்பாலோர் பல்லின் நடுப்பகுதியை, கண்ணாடியில் தெரிகிற இடத்தை, மட்டுமே பளபளக்கத் தேய்க்கிறோம். வேலை இருப்பது காலரில், அதாவது ஈறோரத்தில். பிரஷ்ஷின் முடி பாதி பல்லிலும் பாதி ஈறிலும் படும்படி, ஈறை நோக்கி 45 பாகை சாய்த்து வையுங்கள். பென்சில் பிடிப்பதுபோலப் பிடித்தால் கை தானாக அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். இருந்த இடத்திலேயே சின்னச் சின்னதாக அசைத்துவிட்டு அடுத்த இரண்டு பல்லுக்கு நகருங்கள். வெளிப்பக்கம் முடிந்ததும் உள்பக்கம். வாய் முழுக்க 2 நிமிஷம், காலையிலும் ராத்திரி படுக்கும் முன்னும். ராத்திரித் தேய்ப்பை விடாதீர்கள், தூங்கும்போது எச்சில் குறைவாக ஊறுவதால் கிருமிகளுக்கு அதுதான் நல்ல நேரம். இரண்டு பல் ஒட்டும் இடத்தில் பிரஷ் நுழையாது. அதற்கு ஃபிளாஸ் நூல், இடைவெளி பெரிதானவர்களுக்குப் பாட்டில் கழுவும் பிரஷ்ஷின் குட்டிபோல இருக்கும் இடைப்பல் பிரஷ். மருந்துக்கடையில் கேட்டால் கிடைக்கும்.

முதல் மூன்று நாலு நாள் ரத்தம் வரும், வழக்கத்தைவிடக் கூடுதலாகக்கூட வரலாம். இந்த நாலு நாளில்தான் பலர் பயந்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தாதீர்கள். அழுத்தாமல், ஆனால் அதே இடத்தைத் தவிர்க்காமல் தேய்த்துக்கொண்டே வாருங்கள். ஒரு வாரத்தில் குறையத் தொடங்கும். இரண்டு வாரம் ஆகியும் நிற்காவிட்டால் உள்ளே காரை இருக்கிறது என்று பொருள், அல்லது வேறு ஏதாவது இருக்கலாம். அப்போது பல் மருத்துவரிடம் போங்கள். போவதற்கு முன் கண்ணாடி முன்னால் நின்று, ரத்தம் எந்தப் பக்கம், மேலேயா கீழேயா, வெளிப்பக்கமா உள்பக்கமா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். போனதும் அந்த இடத்தைக் காட்டி, "இங்கே எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்று அளந்து சொல்லுங்கள்" என்று கேளுங்கள்.